அரியலூர் பெயரைச் சுமந்த செங்கல்பட்டுக்காரர்

நம் குடியிருப்பில் மாதம் ஒருமுறையாவது சென்னைக்கோ திருச்சிக்கோ ரயில் ஏறாத வீடு குறைவு. பெரம்பலூரில் ரயில் நிலையம் கிடையாது. அங்கே இருப்பவர்களும் முப்பது கிலோமீட்டர் போல பஸ்ஸிலோ காரிலோ வந்து அரியலூரில்தான் பல்லவனையோ வைகையையோ பிடிக்க வேண்டும். அரியலூர் நிலையத்தை விட்டுத் தெற்கே கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ரயில் ஒரு பாலத்தைக் கடக்கும். கீழே பெரும்பாலும் மணலும் கருவேலமும்தான் தெரியும். செல்போனிலிருந்து தலையை நிமிர்த்துவதற்குள் பாலம் போய்விடும். அதுதான் மருதையாறு.

அந்த ஆற்றைப் பற்றி நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அந்த விபத்துக்குப் பொறுப்பேற்று லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதைப் பள்ளிப் பாடத்திலும் படித்திருப்போம். அதே துறையில் அவருக்கு அடுத்த நாற்காலியில் இருந்த ஒரு தமிழரை இன்று அநேகமாக யாரும் நினைப்பதில்லை. ஒரு காலத்தில் தமிழ்நாட்டுச் சுவர்களெல்லாம் அவர் பெயரை நம் ஊர்ப் பெயரோடு சேர்த்தே எழுதின. அவர் ஓ. வி. அழகேசன். நம் ஊர்க்காரர் அல்ல, நம் தொகுதியில் நின்றவரும் அல்ல. இருந்தும் அவருடைய அரசியல் வாழ்க்கை மூன்று முறை இந்த வட்டாரத்தைத் தொட்டது. இந்த இதழில் அவர் கதையைப் பார்ப்போம்.

செங்கல்பட்டிலிருந்து டெல்லிக்கு

அழகேசன் 1911 செப்டம்பர் 6 அன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்தார். இளம் வயதிலேயே காங்கிரஸில் சேர்ந்து சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்டார். மாவட்ட அளவில் கட்சிப் பணி செய்து, மாகாண அளவுக்கு உயர்ந்தார். மேடையில் கூட்டத்தைக் கட்டிப்போடும் பேச்சாளர் என்பதைவிட, கட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்து மேலே வந்தவர் என்று சொல்வதே பொருந்தும்.

சுதந்திர இந்தியாவின் அரசியல் சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையில் சென்னை மாகாணத்தின் சார்பில் இருந்தவர்களில் அவரும் ஒருவர். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சபைதான் 1949 செப்டம்பர் 14 அன்று ஆட்சிமொழி பற்றிய பிரிவுகளை முடிவு செய்தது. இந்தி மத்திய அரசின் ஆட்சிமொழி, ஆனால் ஆங்கிலம் 15 ஆண்டுகள் தொடரும் என்பது அந்த ஏற்பாடு. அரசியல் சட்டம் 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்ததால் அந்தக் கெடு 1965 ஜனவரி 26 அன்று முடியும். அது அன்றைக்குத் தூரத்துத் தேதியாகத் தெரிந்திருக்கும். அழகேசனின் வாழ்க்கையில் அது பின்னால் வந்து நின்றது.

1952இல் முதல் பொதுத்தேர்தல். செங்கல்பட்டுத் தொகுதியிலிருந்து அழகேசன் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நேருவின் அமைச்சரவையில் ரயில்வே, போக்குவரத்துத் துறைக்கு லால் பகதூர் சாஸ்திரி அமைச்சர், அழகேசன் துணை அமைச்சர். நல்ல காலம்தான் அது. தெற்கு ரயில்வே 1951இல் உருவாகியிருந்தது. பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை எழுந்து, 1955 அக்டோபர் 2 அன்று நேரு வந்து தொடங்கிவைத்தார். துறையில் ஒரு தமிழர் இருக்கிறார் என்பது அப்போது பெருமையாகவே இருந்தது.

முதல் தொடுகை: ஒரு ரயில் நிலையத்தின் பெயர்ப்பலகை

அரியலூருக்குத் தெற்கே, திருச்சி போகிற வழியில் இருக்கிறது கல்லக்குடி. அங்கே டால்மியா குழுமத்தின் சிமெண்ட் ஆலை வந்தபிறகு ரயில் நிலையத்துக்கு டால்மியாபுரம் என்று பெயர் வைத்தார்கள். தமிழ் ஊருக்கு வடநாட்டு முதலாளியின் பெயரா என்று கேட்டு, 1949இல் தொடங்கிய தி.மு.க. 1953 ஜூலையில் போராட்டத்தில் இறங்கியது. மு. கருணாநிதி தலைமையில் ஒரு குழு நிலையத்தின் பெயர்ப்பலகையில் கல்லக்குடி என்ற பெயரை ஒட்டிவிட்டுத் தண்டவாளத்தில் படுத்தது. கைதுகள் நடந்தன. துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள்.

ரயில் நிலையத்தின் பெயர் என்பதால் கோரிக்கை போய் நின்ற இடம் மத்திய ரயில்வே துறை. அந்தத் துறையின் தமிழ் முகம் அழகேசன். அப்போது பெயர் மாறவில்லை. பின்னால் கருணாநிதி முதல்வரான பிறகுதான் டால்மியாபுரம் மீண்டும் கல்லக்குடி ஆனது. 1953இல் இது டெல்லிக்குச் சின்ன விஷயமாகத் தெரிந்திருக்கலாம். ஆனால் ஒரு புதிய கட்சிக்கு அந்தத் தண்டவாளம் ஒரு மேடை அமைத்துக் கொடுத்தது. அதே பாதையில் இன்னும் சில மைல் வடக்கே, மூன்று ஆண்டு கழித்து, பெரிய துயரம் காத்திருந்தது.

இரண்டாவது தொடுகை: கார்த்திகை வெள்ளம்

1956 நவம்பர் 22. சென்னை எழும்பூரிலிருந்து இரவில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கிளம்பியது. அன்றைக்கு இது மீட்டர் கேஜ் பாதை, நீராவி இஞ்சின். விழுப்புரம், விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சி போகும் கார்டு லைன். சுமார் 800 பேர் அதில் இருந்தார்கள். பெரும்பாலும் தென்மாவட்டங்களுக்கு ஊர் திரும்புகிறவர்கள்.

கார்த்திகை மழை கொட்டிக்கொண்டிருந்தது. மருதையாறு நமக்குத் தெரிந்த ஆறுதான். பெரம்பலூர்ப் பக்கம் பிறந்து, அரியலூர்ச் சீமையில் ஓடி, கொள்ளிடத்தில் சேரும். வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கும். இப்படிப்பட்ட ஆறுகளைத்தான் நம்பக்கூடாது. மலையில் பெய்த மழை ஒரே இரவில் இறங்கினால் கரை தெரியாமல் வரும். அன்றிரவு தண்ணீர் தண்டவாள மட்டத்தை எட்டும் அளவுக்கு ஏறி, பாலத்தின் பிடிமானத்தை அரித்துவிட்டது.

நவம்பர் 23 விடியற்காலை. ரயில் அரியலூரைத் தாண்டி, கல்லகம் போய்ச் சேருமுன் பாலத்தில் ஏறியது. பாலம் தாங்கவில்லை. இஞ்சினும் அதை அடுத்த பெட்டிகளும் வெள்ளத்தில் விழுந்தன. தூக்கத்தில் இருந்தவர்களுக்கு என்ன நடக்கிறது என்று புரிந்திருக்கவே முடியாது. இறந்தவர்கள் 140க்கும் மேல். நூற்றுக்கு மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். இந்திய ரயில்வேயின் கொடிய விபத்துகளைப் பட்டியலிடும்போது அரியலூர் என்ற பெயர் இன்றைக்கும் வருகிறது.

இது தனியாக வந்த அடியும் அல்ல. அந்த ஆண்டே செப்டம்பர் 2 அன்று ஹைதராபாத் மாநிலத்தின் மெஹபூப்நகர் அருகே இதே மாதிரி மழையில் பாலம் உடைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். அப்போதே சாஸ்திரி ராஜினாமாக் கடிதம் கொடுத்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூர் நடந்ததும் சாஸ்திரி மறுபடியும் கடிதம் கொடுத்தார், உடனே ஏற்கும்படி வேண்டினார். இந்த முறை நேரு ஏற்றுக்கொண்டார். சாஸ்திரிமேல் தவறு இருப்பதாகத் தாம் கருதவில்லை, ஆனால் பொறுப்பு என்பதற்கு ஒரு முன்மாதிரி இருக்க வேண்டும் என்ற பொருளில் அவர் நாடாளுமன்றத்தில் விளக்கினார்.

பாலத்தைக் கட்டியவர் சாஸ்திரி அல்ல. அன்றிரவு ரயிலுக்குக் கொடி காட்டியவரும் அவர் அல்ல. ஆனாலும் அவர் விலகினார், நாடு அவரை இன்னும் உயரத்தில் வைத்தது. 1957இல் வென்று மீண்டும் அமைச்சரானார், 1961இல் உள்துறை, 1964இல் பிரதமர்.

ஒரே விபத்து, இரண்டு கணக்கு

அழகேசனுக்கு அந்தக் கணக்கு வேறு மாதிரி வந்தது. விபத்து நடந்து மூன்று மாதத்தில் 1957 பொதுத்தேர்தல். தி.மு.க. முதன்முறையாகத் தேர்தலில் இறங்கிய ஆண்டு அது. பிரச்சாரத்துக்கு அரியலூர் துயரம் கையில் இருந்தது. சாஸ்திரி டெல்லியில் இருந்தார், தியாகியாகவும் ஆகிவிட்டார். தமிழ்நாட்டில் வாக்குக் கேட்டு வந்து நின்றவர் அழகேசன். ஆட்சியையும் சாவையும் எதுகையில் கோத்து அவரை நோக்கி ஒரு முழக்கம் பிறந்தது. சுவரில் எழுதப்பட்டது, மேடையில் சொல்லப்பட்டது. அதில் அவர் பெயருக்கு முன்னால் அரியலூர் ஒட்டிக்கொண்டது, ஏதோ அவருடைய பூர்வீகமே இதுதான் என்பதுபோல. பிறந்த ஊரின் பெயரைத் தலைவர்கள் பெயருக்கு முன்னால் வைப்பது நம் வழக்கம். தமக்குச் சொந்தமில்லாத ஒரு ஊரின் பெயரை, அதுவும் இப்படி ஒரு காரணத்துக்காக, சுமந்தவர் அவர்.

செங்கல்பட்டில் அழகேசன் தோற்றார். சுயேச்சையாக நின்ற ஆ. கிருஷ்ணசாமி வென்றார். தோல்விக்கு அரியலூர் மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. எந்தத் தேர்தலுக்கும் ஒரே காரணம் இருப்பதில்லை. ஆனால் அந்தத் தேர்தலை நினைவு வைத்திருந்த தலைமுறை அவரை அந்த முழக்கத்தோடுதான் நினைவு வைத்திருந்தது.

இதில் நியாயம் எது? துணை அமைச்சர் ஒருவர் வெள்ளத்தை நிறுத்தியிருக்க முடியாது. அதே சமயம், 140க்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு யாரிடமாவது கேள்வி கேட்க உரிமை உண்டு. தூத்துக்குடியில் ரயிலுக்குக் காத்திருந்தவருக்குத் துறைப் பொறியாளரின் பெயர் தெரியாது. ஓட்டுக் கேட்டு வருகிறவரின் பெயர்தான் தெரியும். ஜனநாயகத்தில் பொறுப்பு இரண்டு வழியில் வருகிறது. ஒருவர் தாமே எடுத்துக்கொள்வது ஒன்று. மக்கள் தலையில் ஏற்றிவைப்பது மற்றொன்று. அதே விபத்தில் சாஸ்திரிக்கு முதலாவதும் அழகேசனுக்கு இரண்டாவதும் அமைந்தன.

மூன்றாவது தொடுகை: கீழப்பழுவூர்

தோற்றவர் அதோடு ஒதுங்கிவிடவில்லை. 1962 தேர்தலில் அதே செங்கல்பட்டில் நின்று வென்றார். மத்திய அமைச்சரவையில் மீண்டும் இடம் கிடைத்தது. 1965 தொடக்கத்தில் அவர் பெட்ரோலியம், ரசாயனத் துறையின் இணை அமைச்சர். பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி. ஒரே துறையில் மூத்தவரும் இளையவருமாக இருந்த இருவரும் மறுபடி ஒரே அரசில்.

முன்பு சொன்ன 15 ஆண்டுக் கெடு இப்போது நெருங்கிவிட்டது. இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் தொடரும் என்று நேரு 1959இல் உறுதி சொல்லியிருந்தார். ஆனால் 1963இல் வந்த ஆட்சிமொழிச் சட்டம் அந்த உறுதியை ஐயத்துக்கு இடமின்றி எழுதவில்லை. ஆங்கிலம் தொடரலாம் என்று இருந்ததே தவிர, தொடர வேண்டும் என்று இல்லை. ஒரு சொல்லின் வித்தியாசம். தமிழ்நாடு அந்த ஒரு சொல்லில்தான் தன் பிள்ளைகளின் படிப்பையும் வேலையையும் பார்த்தது.

அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் கீழப்பழுவூரைத் தாண்டாதவர்கள் நம்மில் இருக்க முடியாது. அந்த ஊரின் இளைஞர் சின்னசாமி 1964 ஜனவரி 25 அன்று திருச்சியில் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தம் உயிரைக் கொடுத்தார். சின்னக் குழந்தையும் மனைவியும் இருந்த வீடு. அப்படி ஓர் உயிர் போயிருக்க வேண்டாமே என்றுதான் இன்று படிக்கும்போது மனம் அடித்துக்கொள்கிறது. சரியாக ஓராண்டு கழித்து, 1965 ஜனவரி 25 அன்று மதுரையில் மாணவர் போராட்டம் வெடித்து மாநிலம் முழுக்கப் பரவியது. இரண்டு வாரம் தமிழ்நாடு பற்றி எரிந்தது. துப்பாக்கிச் சூடுகளில் பலர் இறந்தார்கள்.

அழகேசன் என்ன செய்ய முடியும்? அவர் ஆளுங்கட்சிக்காரர். மாநிலத்திலும் மத்தியிலும் அவர் கட்சியின் ஆட்சிதான். தெருவில் நிற்பது எதிர்க்கட்சி, அதுவும் 1957இல் தம்மை ஊர் ஊராக இழித்த கட்சி. பேசாமல் இருந்திருந்தால் பதவி நிலைத்திருக்கும்.

1965 பிப்ரவரி 11 அன்று உணவு, வேளாண் அமைச்சர் சி. சுப்பிரமணியமும் அழகேசனும் ராஜினாமா செய்தார்கள். நேருவின் உறுதிமொழிக்குச் சட்ட வடிவம் வேண்டும் என்பது அவர்கள் நிலை. சாஸ்திரி இரண்டு கடிதங்களையும் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் அவற்றை ஏற்க மறுத்து, விஷயத்தை முற்றவிட வேண்டாம் என்று பிரதமருக்கு யோசனை சொன்னார். அன்றிரவே சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் உறுதிமொழியைக் காப்பாற்றுவதாக அறிவித்தார். மாநிலங்கள் தம் மொழியிலோ ஆங்கிலத்திலோ பணியாற்றலாம், மத்திய அரசோடு ஆங்கிலத்தில் கடிதம் எழுதலாம், அகில இந்தியத் தேர்வுகள் ஆங்கிலத்திலும் தொடரும் என்றார். ராஜினாமாக்கள் திரும்பப் பெறப்பட்டன. 1967 டிசம்பரில் ஆட்சிமொழிச் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, உறுதிமொழி சட்டமானது.

அதைச் சாதித்தது அந்த இரண்டு கடிதங்கள் மட்டும் அல்ல. தெருவில் உயிரையே கொடுத்தவர்கள் இருக்கும்போது அப்படிச் சொன்னால் அது நியாயமாகாது. ஆனால் தெருவின் குரலை அமைச்சரவை மேசைமேல் வைக்க உள்ளே இருந்தவர்களும் தேவைப்பட்டார்கள். 1956இல் ராஜினாமாவால் பெயர் பெற்றவர் 1965இல் பிரதமர் நாற்காலியில் இருந்தார். 1956இல் பழி சுமந்தவர் இப்போது அவரிடமே ராஜினாமாக் கடிதத்தை நீட்டினார். வரலாறு சில சமயம் ஆட்களை இப்படி இடம் மாற்றி உட்கார வைக்கிறது.

பிற்காலம்

மக்கள் அதற்காக அவர் கட்சியை மன்னிக்கவில்லை. 1967இல் மாநிலத்தில் காங்கிரஸ் ஆட்சியை இழந்தது, இன்றுவரை திரும்பப் பெறவில்லை. செங்கல்பட்டு மக்களவைத் தொகுதியும் தி.மு.க. வசமானது. அதற்குப்பின் அழகேசன் எத்தியோப்பியாவில் இந்தியத் தூதராகப் பணியாற்றினார். 1971இல் திருத்தணித் தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று வென்றார். அந்தத் தேர்தலில் இந்திரா காங்கிரஸும் தி.மு.க.வும் ஒரே கூட்டணி! அவரைத் தோற்கடிக்க முழக்கம் எழுதிய கட்சியின் தொண்டர்களே இப்போது அவர் அணியில் நின்றார்கள். 1965இல் அவருடைய ராஜினாமாவை ஏற்க மறுத்த ராதாகிருஷ்ணன் பிறந்த ஊரும் இதே திருத்தணிதான். 1977இல் அரக்கோணத்திலிருந்து மறுபடி மக்களவைக்குப் போனார். 1992 ஜனவரி 3 அன்று 80 வயதில் காலமானார்.

நம் ஊர்ப்பக்கமும் எவ்வளவோ மாறிவிட்டது. அன்றைக்குப் பெரம்பலூர், அரியலூர் இரண்டும் திருச்சி மாவட்டம். 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமானது. அரியலூர் 2001இல் பிரிந்து, மறுபடி சேர்க்கப்பட்டு, இறுதியில் 2007இல் நிலையான மாவட்டமானது. அந்தத் தேதி நவம்பர் 23. மருதையாற்று விபத்து நடந்த அதே தேதி, 51 ஆண்டுகள் கழித்து. திட்டமிட்டு வைத்த தேதியோ தற்செயலோ, ஊர் தன் பெயரை ஒரு துயரத்திடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டதுபோல நமக்குத் தோன்றுகிறது. மீட்டர் கேஜ் அகலப்பாதையாகி, இரட்டைப் பாதையாகி, மின்மயமும் ஆகிவிட்டது.

நமக்கு என்ன?

குடியிருப்போர் சங்கத்தில் ஒரு பொறுப்பில் இருந்தவர்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் சுடும். மோட்டார் எரிந்தாலும், லிஃப்ட் நின்றாலும், மழைநீர் வடிகால் அடைத்துக் கீழ்த்தளத்தில் கார் மிதந்தாலும் முதல் போன் செயலாளருக்குத்தான். அவர் மோட்டார் செய்தவரும் அல்ல, வடிகால் கட்டியவரும் அல்ல. இருந்தாலும் கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். கேட்கும்போது எதிரில் இருப்பவரும் நம்மைப்போல ஒருவர் என்று நினைவிருந்தால் போதும். பதில் சொல்லும் இடத்தில் இருப்பவர்கள், ஐப்பசி பிறப்பதற்கு முன்பே வடிகாலைத் திறந்து பார்த்துவிட்டால் பாதிக் கேள்விக்கு வேலை இல்லை. சின்ன ஆறுதானே, வறண்டுதானே கிடக்கிறது என்ற அலட்சியத்துக்கு மருதையாறு ஒரு முறை கொடுத்த விலை போதும்.

அடுத்த முறை திருச்சிப் பக்கம் ரயிலில் போகும்போது, அரியலூர் தாண்டியதும் ஒரு நிமிடம் ஜன்னல் பக்கம் பாருங்கள். கூட வரும் பிள்ளைகளுக்கு அந்த மணல் ஆற்றைக் காட்டுங்கள். ஊர் போய்ச் சேராத அந்தப் பயணிகளைப் பற்றிச் சொல்லுங்கள். சாஸ்திரியைப் பற்றிச் சொல்லும்போது, நம் ஊரின் பெயரைக் கேட்காமலே வாங்கிக்கொண்டு போன அந்தச் செங்கல்பட்டுக்காரரைப் பற்றியும் இரண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லுங்கள்.